ஓரகத்தியின் கை

வாஷிங் மெஷின் வந்த மரப்பெட்டியின் அடிப்பலகை அது. ஆணிகள் துருத்திக்கொண்டிருந்தன, குழந்தைகள் காலில் குத்திவிடும், விறகுக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்தேன். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, கொல்லைப்புற வேப்பமரத்தடியில் அந்தப் பலகையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் வலது உள்ளங்கையை வைத்தபடி என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. கையை அழுத்தவுமில்லை, தடவவுமில்லை. வெறுமனே வைத்திருந்தாள்.

"என்ன பண்ணுற?" என்று கேட்டேன்.

"சும்மாதாங்கா. இது என்ன கேக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டு உள்ளே போய்க் காபி போட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒருத்தி ஒரு பலகையைத் தொட்டுக்கொண்டு சும்மா இருப்பதை எத்தனை முறைதான் எட்டிப் பார்ப்பது என்று எனக்கே கோபம் வந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான். அதற்குப் பொறாமை என்று பெயர் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேறு பெயர்கள் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவள் என் கணவருடைய தம்பி மனைவி. அரிமளத்தில் எங்கள் மாமனார் வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம். நான் பெரியவள், அவள் சின்னவள். அத்தை எங்களை அப்படித்தான் கூப்பிடுவார், பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்னவள் கீரமங்கலத்துப் பெண். அவள் அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம் உண்டு. சின்ன வயதில் விடிகாலையில் பூப்பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாளாம். பி.காம் முடித்திருந்தாள். கொழுந்தன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். வருடத்துக்கு ஒரு முறை வந்து போவார். அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஓவியத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மார்கழியில் கோலம் போடச் சொன்னால்கூட, "நீங்க போடுங்கக்கா, எனக்குக் கோடு நேரா வராது" என்று ஒதுங்கிக்கொள்வாள்.

அந்த வீட்டில் ஓவியம் படித்தவள் நான். கீரனூரில் பிறந்தேன். அப்பா தினமும் பஸ் ஏறித் திருச்சிக்கு வேலைக்குப் போய் வருவார். அவரிடம் அழுது, சாப்பிடாமல் கிடந்து, எல்லோரும் டீச்சர் டிரெயினிங் போகச் சொன்னபோது ஓவியக் கல்லூரிதான் என்று அடம்பிடித்துச் சேர்ந்தேன். எலும்பும் தசையும் எங்கே எப்படிச் சேர்கின்றன என்று படித்தேன். மனித முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் வரைவேன். அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சர் ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலை முடித்துவிட்டு மாடியறையில் கேன்வாஸ் முன்னால் உட்காருவேன். கண்மாய், கரை, ஐயனார் கோயில் மண்குதிரைகள், ஆலமரம். முதலில் சிறிய தாளில் கட்டம் போட்டு வரைந்து, பிறகு அளவு பெருக்கி, வண்ணங்களைத் தனியாகக் கலந்து பார்த்து, அதற்கப்புறம்தான் கேன்வாஸைத் தொடுவேன். எந்தப் படத்திலும் தவறு இருக்காது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சின்னவள் அந்த அடிப்பலகையில் ஒரு வாரத்தில் ஏதோ செய்து முடித்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். கண்மாய் வண்டலைக் கரைத்துப் பூசியிருந்தாள். அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு நடுவே, பூக்கட்டும் வாழைநாரை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஒட்டியிருந்தாள். மேல் ஓரத்தில் சிமெண்ட் சாக்குத் தாளைக் கிழித்து வைத்து, அதன்மேல் திருநீற்றைத் தேய்த்திருந்தாள். கிட்டத்தில் போனால் குப்பை மாதிரிதான் இருந்தது. நான்கடி தள்ளி நின்றால், மழை வரப்போகிற மதியம் வயிற்றுக்குள் ஒரு கனம் இறங்குமே, அது அப்படியே இருந்தது. என் கணவர் பார்த்துவிட்டு, "என்னமோ பண்ணிருக்கு" என்றார். அத்தை, "வெளக்கமாத்த எங்கிட்டு வச்ச?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனார். அது நல்ல வேலை, மிக நல்ல வேலை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் அத்தனை வருடம் படித்தேனோ என்று தோன்றியது.

"நல்லாருக்குல்லக்கா?" என்று கேட்டாள். அவளிடம் அடக்கமெல்லாம் கிடையாது. நல்லாயிருப்பதை நல்லாயிருக்கிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள். சேலை நன்றாக அமைந்துவிட்டால் கண்ணாடி முன்னால் நின்று, "இன்னிக்கு நான் செமையா இருக்கேன்" என்பாள். சாம்பாரில் உப்புப் போட மறப்பாள், மதியம் நன்றாகத் தூங்குவாள், சீரியல் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். உப்பில்லாத சாம்பாரை அத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவார். நான் வைத்த குழம்பில் புளி கூடினால் மட்டும் சொல்லிவிடுவார். இதையும் நான் மனதில் ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தேன்.

மாடுகளை விற்ற பிறகு கொல்லையில் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதைக் கழுவிவிட்டு அங்கே உட்கார ஆரம்பித்தாள். காலை வேலைகள் முடிந்ததும் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, போனை அணைத்து அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். விளக்கு இல்லை, படம் இல்லை, சூடம் கொளுத்துவதில்லை. பலகையைக் கிடத்திக் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். சில நாள் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, எதையுமே தொடாமல் எழுந்து வந்து, "இன்னிக்கு இல்லக்கா" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளி வருத்தம் இருக்காது. கடையில் கொத்தமல்லி இல்லை என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு டி.வி. போடப் போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைய முடியாமல் போனால் அந்த வாரம் முழுவதும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிற எனக்கு, அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காது.

வேறு சில நாள் திடீரென்று எழுந்து வெளியே போவாள். தைலமரக் காட்டிலிருந்து உரிந்து விழுந்த பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். அம்மா வீட்டுக்குப் போனால் முந்திரித் தோடும் வாடிய சம்பங்கியும் பையில் வரும். கோயில் வாசலில் கிடக்கிற கருகிய திரி, மாலை உதிர்ந்த வெறும் நார், நைந்த மஞ்சள் துணி. எதற்கு என்று அவளுக்கே தெரியாது. கொட்டகையில் பரப்பி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையின்மேல் பிடிப்பாள். சில பொருளைப் பிடித்ததுமே கீழே வைத்துவிடுவாள். சிலது உடனே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும், அதுதான் கொடுமை. ஒரு அங்குலம் தள்ளி வைத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். அந்த அங்குலத்துக்கு நான் அளவுகோல் வைத்துக் கட்டம் போட வேண்டும். அவள் கை தானாகப் போய் நிற்கும்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். "அப்படி உக்காந்திருக்கப்ப என்ன நினைப்ப நீ?"

"ஒண்ணும் நினைக்க மாட்டேன்கா."

"ஒண்ணுமே நினைக்காம எப்படி இருக்க முடியும்?"

"பூக்கட்டுறப்ப என்ன நினைப்போம்? கை பாட்டுக்குப் போயிக்கிட்டிருக்கும்ல. அது மாதிரிதான்."

"சாமி வர்ற மாதிரியா?"

"ஐயையே, இல்லக்கா. சாமி வந்தா ஆடுவாங்க, கத்துவாங்க. இது ரொம்ப அமைதியா இருக்கும். பக்கத்துல யாரோ உக்காந்திருக்க மாதிரி. நம்ம பேசாம இருந்தா அவங்க பேசுவாங்க. நம்ம பேசுனா எந்திரிச்சுப் போயிருவாங்க."

"யாரு அது?"

"தெரியலையேக்கா. நான் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த சட்டையை வாங்கி மடிக்கத் தொடங்கினாள்.

அவள் கீரமங்கலத்துக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, யாரும் பார்க்காதபடி நானும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். பலகையில் கையை வைத்தேன். சொரசொரவென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓவிய நோட்டுகளைத் திருத்தவில்லை என்பது ஞாபகம் வந்தது. மூத்தவனுக்கு ஷூ சிறிதாகிவிட்டது ஞாபகம் வந்தது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று உள்ளுக்குள் தேடினேன். தேடத் தேட என் குரல்தான் பெரிதாகக் கேட்டது. பேசாமல் இரு, பேசாமல் இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவோ பேரிடம் தெய்வம் பேசியிருக்கிறது, போகட்டும். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற ஒருத்தியிடம் பேசிவிட்டு, என்னைத் தாண்டிப் போவது எதற்காக என்று கேட்டுக்கொண்டேன். கால் மரத்துப் போய் எழுந்து வந்துவிட்டேன்.

மாமா, அதாவது எங்கள் மாமனார், அந்த வருடம் ஐப்பசி மழையில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். கடைசி நாள் வரை வயலுக்குப் போய்வந்த மனிதர். காரியத்துக்கு முன்னால் அவருடைய படம் ஒன்று வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்த போட்டோக்களில் ஒன்றும் சரியாக இல்லை. நான் வரைகிறேன் என்றேன். மூன்று போட்டோக்களை வைத்துக்கொண்டு, கண்ணை ஒன்றிலிருந்தும் தாடையை இன்னொன்றிலிருந்தும் எடுத்து, அழுதுகொண்டேதான் வரைந்தேன். மாமா என்னை மகள் மாதிரி வைத்திருந்தவர். கரிப் பென்சிலில் வரைந்த அந்தப் படம் என் வாழ்க்கையிலேயே சிறந்த வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். நெற்றிச் சுருக்கம், இடது காதில் பழைய கடுக்கன் ஓட்டை, மீசையில் ஒட்டிய சிரிப்பு எல்லாம் வந்திருந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்து, "அச்சு அசலா அவரேதான்" என்றார்கள். கண்ணாடி போட்டு, மாலை போட்டு, சின்ன பல்பு வைத்துக் கூடத்தில் மாட்டினோம். அத்தை அதைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லாருக்கும்மா" என்றார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துச் சின்னவள் கொட்டகையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். பலகையில் முகம் கிடையாது, உருவம் என்று எதுவுமே கிடையாது. கீழ்ப்பாதியில் தைலமரப் பட்டையை அடுக்கி, வெடிப்புகளுக்குள் சேற்றை அப்பியிருந்தாள். பட்டையின் ஓரம் வளைந்து முரடாக நின்றது. மேலே மாமாவுடைய பச்சைத் துண்டின் கிழிசல், ஒரு பக்கமாகச் சரிந்தாற்போல. மற்ற இடமெல்லாம் வெறும் செம்மண். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு கிட்டத்தில் போய்க் குனிந்து, பட்டையின் வெடிப்பில் விரலை வைத்தார்.

"காலக் கழுவாம வந்து நிக்கிறாரு பாரு" என்றார்.

சாயங்காலம் தோறும் மாமா வயலிலிருந்து வந்து வாசலில் நிற்கும்போது அத்தை சொல்லும் வார்த்தை அது. பித்தவெடிப்பு விழுந்த அந்தக் குதிகாலில் சேறு காயாமல் இருக்கும். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரியத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை. "சொன்னாக் கேக்குறாரா, சொன்னாக் கேக்குறாரா" என்று பலகையிடம் சண்டை போட்டார். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவர்களுக்கு மேலே, நான் வரைந்த மாமா கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. இறந்துபோன ஒரு மனிதருக்காகப் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் என் மாமா. என் மேல்தான் பிரியமாக இருந்தார். என்னிடம் வராமல் அவளிடம் போயிருக்கிறாரே என்று இருந்தது.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி திருச்சியில் ஒரு ஓவியக்கூடம் நடத்துகிறாள். உன் படங்களைப் பார்க்க வருகிறேன் என்று பலமுறை சொல்லிக்கொண்டிருந்தவள், அடுத்த கோடை விடுமுறையில் வந்தாள். என் கேன்வாஸ்களையெல்லாம் துடைத்து மாடியறையில் வரிசையாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒன் கை ரொம்பச் சுத்தம்டி, அப்பவே அப்படித்தான்" என்றாள். மண்குதிரைகள் படத்தின் முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். ஒளி நன்றாக விழுந்திருக்கிறது என்றாள். அப்புறம் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவள் திரும்பி வரவேயில்லை. தேடிக்கொண்டு போனேன். கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் சின்னவளின் பலகைகள். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டை நீட்டினேன், வாங்கத் தோன்றாமல் நின்றாள். அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. என் படங்களுக்கு எத்தனை சொற்கள் வந்தன என்று எனக்கு ஞாபகம் வந்தது.

"இது யாரு?" என்று கடைசியில் கேட்டாள்.

"எங்க சின்னவ" என்றேன். அதை எப்படிப்பட்ட குரலில் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

தோழி தன் ஓவியக்கூடத்தில் சின்னவளின் பலகைகளைக் கண்காட்சியாக வைத்தாள். அதற்குச் சின்னவளும் நானும் சேர்ந்துதான் போனோம். பலகைகளை முன்னமே வேனில் அனுப்பிவிட்டு, புதுக்கோட்டையில் பஸ் ஏறினோம். கீரனூர் வந்தபோது, "அக்கா, ஒங்க ஊரு" என்று என்னைத் தட்டிக் காட்டிவிட்டு, மறுபடியும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தலையில் அவள் அம்மா வீட்டு மல்லிகை. எத்தனையோ வருடம் முன்னால், இதே ரோட்டில் இதே மாதிரி ஒரு பஸ்ஸில் ஓவியத் தாள்களைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போன பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவள் இப்படியொரு கண்காட்சியை எவ்வளவு துல்லியமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். இப்போது அது உண்மையாகவே நடக்கிறது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. தோளில் இருந்த தலையை நகர்த்த வேண்டும்போல் இருந்தது. நகர்த்தவில்லை, தூக்கம் கலைந்துவிடுமே.

திறப்பு நாளில் வந்தவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு எல்லோருடனும் போட்டோ எடுத்துக்கொண்டாள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், "இதை எந்த எண்ணத்தில் செய்தீர்கள்?" என்று கேட்டார். "தெரியலைங்க, வந்துச்சு" என்றாள். அவர் விடவில்லை. "எங்கிருந்து வந்தது?" சின்னவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். "அக்கா, நீங்க வாங்க. நீங்கதான் நல்லாச் சொல்லுவீங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் சொன்னேன். பூக்கட்டும் கை எண்ணம் இல்லாமல் நகர்வதைச் சொன்னேன். பொருள்களைத் தேடிப் போகாமல் அவை கேட்கும் வரை காத்திருப்பதைச் சொன்னேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். எல்லோரும் ஆழ்ந்து கேட்டார்கள். எனக்குக் கிடைக்காத ஒன்றைப் பற்றி என்னால் அவ்வளவு நன்றாகப் பேச முடிந்தது. பேசி முடித்ததும் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப அழகாச் சொன்னீங்க. நீங்களும் வரைவீங்களா?" என்று கேட்டாள்.

"ஸ்கூல்ல டிராயிங் டீச்சர்" என்றேன்.

அதற்குப் பிறகு சின்னவள் பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்தது. இன்னும் இரண்டு கண்காட்சிக்குக் கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் குடும்ப விசா எடுத்துவிட்டார். சின்னவள் துள்ளிக் குதித்தாள். பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். கொட்டகையை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "பூட்டி வைங்கக்கா, மழைத்தண்ணி போகாமப் பாத்துக்கங்க" என்றாள். அவ்வளவுதான். ஏர்போர்ட்டில் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னையும் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பலகைகளுக்காக அழவில்லை.

போய்ச் சேர்ந்து சில மாதம் ஆனதும் வீடியோ காலில் கேட்டேன், அங்கே ஏதாவது செய்கிறாயா என்று.

"இல்லக்கா. உக்காந்து பாத்தேன், ஒண்ணும் வரல. இங்கிட்டு மண்ணெல்லாம் வேற மாதிரி இருக்கு."

"வேற ஏதாவது முயற்சி பண்ணிப் பாக்கலாம்ல?"

"வந்தாப் பாத்துக்கலாம்கா. வரலைன்னா என்ன இப்போ? கேக் பண்ணப் படிச்சிருக்கேன், இருங்க காட்டுறேன்" என்று போனைத் திருப்பினாள். பெரிய கேக். மேலே கிரீமில் ரோஜாப்பூக்கள், கோணல் மாணலாக. அவள் முகத்தில் அதே பெருமை.

போனை வைத்த பிறகு எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னால் எப்போதும் வந்ததில்லை. கிடைத்ததற்காக அவள்மேல் பொறாமைப்பட்டது உண்மைதான். அதை அவ்வளவு லேசாகக் கீழே வைத்துவிட்டுப் போக முடிந்ததே, அதற்காகப் பட்ட பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒன்றுமே வராத நாளிலும் என்னால் வரையாமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை பரபரக்கும். வரைந்தால் திருப்தி இருக்காது, வரையாவிட்டால் நிம்மதி இருக்காது. அவளுக்கு இந்த இரண்டு அவஸ்தையும் இல்லை.

இந்த வருடம் பள்ளி திறந்து கொஞ்ச நாளில் திருச்சித் தோழி போன் செய்தாள். சின்னவளின் வேலை ஒன்று அவசரமாக வேண்டும், புதிதாக ஏதாவது இருக்கிறதா என்றாள். கொட்டகையைத் திறந்து பார்த்தேன். கண்காட்சிகளில் வைக்காததாக, விசா வந்த வாரத்தில் அவள் ஆரம்பித்துவிட்டு நிறுத்திய பலகை ஒன்று மட்டும் சுவரோரமாக இருந்தது. செம்மண் பூசிய பெரிய பலகை. இடது ஓரத்தில் வாழைநார் முடிச்சுகள் மேலிருந்து இறங்கி வந்து பாதியில் நின்றுவிட்டிருந்தன. மற்றதெல்லாம் வெற்றிடம். சின்னவளிடம் சொன்னேன். "நீங்களே முடிச்சிருங்கக்கா. ஒங்களுக்குத் தோணுறத வைங்க" என்று ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள்.

முடிக்கத்தான் நினைத்தேன். அவளைப் போலவே முடித்துவிட்டால், அது என்னாலும் ஆகிற காரியம் என்று தெரிந்துவிடுமே. தைலமரப் பட்டை கொண்டுவந்தேன். முந்திரித் தோடு, திரி, மஞ்சள் துணி எல்லாம் கொண்டுவந்தேன். பள்ளி விட்டு வந்து தினமும் பலகை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் வைத்த மாதிரிதான் இருந்தது. எங்கே கனம் வேண்டும், எங்கே வெளி வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் பலகையில் அப்பட்டமாகத் தெரிந்தது. நாளாக ஆக, பொருள்களின்மேல் வெறுப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் வாரிக் கூடையில் போட்டுவிட்டு, பென்சில் பெட்டியிலிருந்து கரித்துண்டை எடுத்தேன். எனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தது. பாழானால் பாழாகட்டும்.

என்ன வரையப் போகிறேன் என்று யோசித்ததாக ஞாபகம் இல்லை. நார் முடிச்சுகள் நின்றுபோன இடத்திலிருந்து ஒரு விரல் வந்தது. பிறகு அடுத்த விரல். பூக்கட்டும்போது நாரை இழுத்துப் பிடிக்க மடங்குமே கட்டைவிரல், அந்த மடிப்பு. சுண்டுவிரல் மட்டும் சேராமல் கொஞ்சம் விலகி நிற்பது. மணிக்கட்டில் கொதித்த எண்ணெய் தெறித்த தழும்பு. புறங்கையில் பச்சை நரம்பு இரண்டாகப் பிரியும் இடம். எந்தப் போட்டோவையும் பார்க்கவில்லை, கட்டம் போடவில்லை. ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. அவள் கை எப்படி இருக்கும் என்பது என் கையைவிட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெயில் சாய்ந்து கொட்டகைக்குள் வந்திருந்தபோது, செம்மண்ணின்மேல் அது முழுதாக இருந்தது.

அத்தை டீ எடுத்துக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"சின்னவ கை" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ வரஞ்சியா?"

"ஆமா அத்தை."

டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். அந்தத் தழும்பின்மேல் குனிந்தார். "அப்பளம் பொரிக்கிறப்ப தெறிச்சது. எனக்கே மறந்துபோச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அவ கைய இம்புட்டா பாத்திருக்க நீ?"

உடனே துபாய்க்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போனில் சின்னவள் வந்தாள். அங்கே வீட்டு வேலை முடித்து அப்போதுதான் குளித்திருப்பாள்போல, தலையில் துண்டு கட்டியிருந்தாள். பலகையைக் காட்டினேன். கிட்டத்தில் காட்டச் சொன்னாள், தள்ளிக் காட்டச் சொன்னாள். தன் வலது கையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, இது நான் பண்ணதில்ல. ஒங்களோடது. ஒங்க பேர்லயே அனுப்புங்க" என்றாள். கையைக் கீழே இறக்கிவிட்டு, "இதையெல்லாம் எப்பக்கா பாத்தீங்க? நான் கவனிச்சதே இல்லையே" என்றாள்.

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"ஏங்கா?"

"பொறாமைதான்" என்றேன்.

அவள் கலகலவென்று சிரித்தாள். நான் அருமையாக ஒரு ஜோக் சொல்லிவிட்டதைப்போல, உள்ளே இருந்த கொழுந்தனைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு எம்மேல பொறாமையாம், கேளுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொழுந்தன் குரலும் பின்னால் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நான் போனை அணைத்து வைக்கும் வரை காத்திருந்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களில் அப்பியிருந்த கரியை முந்தானை நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார்.

"டீ ஆறிப்போச்சு பாரு" என்றார். "இரு, வேற போட்டுக் கொண்டாறேன்."